அறுபத்தொண்ணுல நில்லுங்க

படகு போவதற்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். காலையிலிருந்து இது மூன்றாவது. மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு மினுக்குகிறது, குறுக்குக் கட்டை இறங்குகிறது, அப்புறம் மனிதன் நிற்க வேண்டியதுதான். போய்க்கொண்டிருந்த சாலை அப்படியே எழுந்து செங்குத்தாக நின்றுகொள்கிறது. என் மனைவி கோகிலவாணி அந்தக் கரை, நான் இந்தக் கரை. சைக்கிளில் ஐம்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், தப்பித்துவிட்டாள். அவள் பக்கத்தில் போய் இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவதென்று அப்போதுதான் மூச்சைப் பிடித்து மிதித்தேன். 'அம்மிணி, ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டியதிலிருந்து ஆரம்பிக்கப் பார்க்கிறேன், முதலில் காற்று, அடுத்து ஆட்டு மந்தை, அப்புறம் பாலம், மறுபடி பாலம், இப்போது இது. அக்கரையில் ஒரு காலை ஊன்றி நின்று வாயருகே கையைக் குவித்துக் கத்துகிறாள். "மாமா, எனக்கு அவசரமுங்க. முன்னால போறேன். அறுபத்தொண்ணுல நில்லுங்க." அவசரம் என்றால் கழிப்பறை. இந்த வெட்ட வெளியில் ஒதுங்க ஒரு புதர் கிடையாது. சரி போ என்று கையை ஆட்டுகிறேன். ஏறிப் போகிறாள், முதுகு நேராக, முன்னும் பின்னும் ஆளில்லாத சாலையில் இடக்கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டு இடப்பக்கம் திரும்புகிறாள். யாருக்குக் காட்டினாள் என்று தெரியவில்லை.

நாற்பத்திரண்டு வயதுவரை அவளுக்குச் சைக்கிள் தெரியாது. நான் ஏழு வயதில் அரைப் பெடல் போட்டுப் பொள்ளாச்சிச் சந்தைவரைக்கும் போனவன். இங்கே வந்த இரண்டாம் வருஷம், எங்கள் பேட்டையில் வெளிநாட்டுப் பெண்களுக்குச் சைக்கிள் வகுப்பு நடத்துகிறார்களென்று போய்ச் சேர்ந்தாள். முழங்காலில் சிராய்ப்போடு வருவாள், நான் சிரிப்பேன். இந்த வயதில் எதற்கு என்றேன், பஸ் இருக்கிறதே என்றேன். இப்போது அவள் வீட்டுக்கும் கடைக்கும் மழையிலும் பனியிலும் போய் வருகிறாள், வரும் செப்டம்பரிலிருந்து அந்த வகுப்புக்கே அவள்தான் டீச்சர். சிரியாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்த பெண்கள் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் இருபத்திரண்டாம் தேதி கேசரி கிண்டிக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொன்னாள். மே மாதம் பத்தொன்பதாம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றே நாள். கோயம்புத்தூர் பம்பு கம்பெனி என்னை ஐந்து வருஷத்துக்கு இங்கே அனுப்பியது, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா, திரும்பி வந்து ஆலையின் மேலாளராக உட்காருகிறாயா என்று கேட்டார்கள், ஆகஸ்டில் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே என்னை எல்லோரும் சென்னி என்கிறார்கள், இருபத்து மூன்று வயதுப் பெண் சென்னி காப்பி வேண்டுமா என்கிறாள், தப்பில்லை, ஆனால் அங்கே நான் சென்னியப்பன் சார். கேசரியை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. முழுங்கிவிட்டுச் சொல்லலாமென்று பார்த்தேன். முழுங்கி ஒரு மாதமாகிவிட்டது. நாளைக் கழித்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக்காரர் புதிதாகக் குடிவருகிறவர்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டப் போகிறார். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சைக்கிள் பயணம், கூடாரம், எல்லாம். அவளுக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுச் சொன்னால் கோபம் குறையும் என்று கணக்குப் போட்டேன், நல்ல கணக்கு.

ஒரு படகு போனால் பரவாயில்லை. சனிக்கிழமை, ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன, எல்லாவற்றுக்கும் நெட்டையான பாய்மரம். படகில் தொப்பியும் கையில் பீருமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். ஒருத்தனை நிறுத்தி வைத்துவிட்டுக் கையாட்டுவதில் மட்டும் குறைச்சலில்லை. நானும் ஆட்டுகிறேன், வேறென்ன செய்ய. ஏழாவது படகு, எட்டாவது. பாலத்துக்காரன் கூண்டுக்குள் நிதானமாக ரொட்டி தின்கிறான். பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது, முழங்கால் விறைக்கிறது, கழுத்தில் வேர்வையில் ஈ ஒட்டுகிறது. எதற்கு நிற்க வேண்டும், இதே கரையில் போனால் அடுத்த பாலம் வராமலா போகும், அங்கே தாண்டி அவளுக்கு முன்னால் போய் நிற்கலாம். திருப்பிவிட்டேன். இந்த நாட்டில் சைக்கிளில் போக ஊர்ப் பெயரே தேவையில்லை, சந்திக்குச் சந்தி ஒரு கம்பம் நட்டு எண் போட்டிருக்கிறார்கள், இந்த எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. நேற்றே உட்கார்ந்து போகும் வழியின் எண்களை வரிசையாக ஒரு ஒட்டுத்தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டாள், 18, 22, 07, 45, 61. எனக்கும் ஒன்று எழுதி நீட்டினாள். வரிசையாப் பாத்துட்டே வரணுங்க, ஒத்த நம்பர மட்டும் நம்பக் கூடாதுங்க என்று என்னவோ பாடம் நடத்தினாள். எனக்கு வழி சொல்லித் தருகிறாயா என்று அதை வாங்கவில்லை. கடைசியில் பார், மூன்றாவது திருப்பத்திலேயே பச்சை எழுத்தில் 61, அம்புக்குறி இந்தப் பக்கம். வாய்க்காலைத் தாண்டவே தேவையில்லை. இதை அவளிடம் சொல்லிக் காட்ட வேண்டும். இல்லை, இன்றைக்கு எதையும் சொல்லிக் காட்டக் கூடாது, இன்றைக்கு நான் நல்லவன்.

வாய்க்கால் மேலே போகிறது, வயல் கீழே கிடக்கிறது. ஐந்து வருஷம் பார்த்தும் இது எனக்குப் பழகவில்லை. படகு என் தலைக்கு மேலே மிதந்து போகிறது, மாடு எனக்குக் கீழே நின்று மேய்கிறது. எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விடுகிற முறை வந்தால் மடைக்கு மடை காவல், மண்வெட்டியோடு நிற்பார்கள், எப்படியாவது உள்ளே கொண்டுவருவதுதான் பாடு. இங்கே வெளியே தள்ளுவதுதான் பாடு. பம்பு ஒரு வாரம் நின்றால் இந்த மாடு நிற்கிற இடத்தில் மீன் இருக்கும். அதனால் எங்கே போனாலும் ஒரு செங்கல் பம்பு அறை, எங்கே போனாலும் அந்த உறுமல், எனக்கு அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லத் தெரியும். அதோ அது தேய்ந்திருக்கிறது. யாரிடம் சொல்ல. அலுவலகத்தில் சொன்னால் சென்னி, நல்ல கவனிப்பு என்று எழுதிவைத்துக்கொள்வார்கள், அதோடு சரி. கோயம்புத்தூரில் சொன்னால் நாலு பேர் ஸ்பேனரோடு ஓடுவார்கள். அதற்காகப் போகிறேன் என்று சொன்னால் கேட்க எவ்வளவு அற்பமாக இருக்கிறது. அவளிடம் இப்படிச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லலாம், ஆனால் அம்மா நேற்றுத்தான் போனில் அத்திக்கடவுக்குச் சுற்றுலா போய்வந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னாள். மகள் பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லலாம். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து தன் ஃப்ளாட்டுக்கு எங்களை வர வேண்டாம் என்று கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறாள். சரி, காரணமே சொல்ல வேண்டாம். 'அம்மிணி, ஒரு விஷயம். ஊருக்குப் போறோம்.' அதற்கு அவள் எப்பங்க என்பாள். ஆகஸ்ட்டு என்றால், எப்ப முடிவு பண்ணுனீங்க என்பாள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எப்படிச் சுற்றி வந்தாலும் அந்தக் கேள்வியில்தான் வந்து இடிக்கிறேன்.

அறுபத்தொன்று வந்துவிட்டது. மணி இரண்டேகால். கம்பம், பெரிய பலகை, பெஞ்சு, நேற்று அவள் சொன்ன மாதிரி எல்லாம் இருக்கிறது, அவள் இல்லை. முந்திவிட்டேன். சைக்கிளைப் பலகையில் சாய்த்தேன், கூடார மூட்டையும் படுக்கையும் சேர்ந்து பலகையையே மறைத்துக்கொண்டு நின்றது. உட்கார்ந்தேன். இரண்டே முக்கால். எங்கேயோ நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள், எங்கே போனாலும் நின்று அந்தந்த ஊர்க் கிழவிகளோடு செடியைப் பற்றிப் பேசுவாள், அவள் பேசுகிற பாஷையில் பாதி எனக்குப் புரியாது, கிழவிகள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள், நான் சாமான் தூக்க வந்தவன் போல நிற்பேன். மூன்றேகால். போன் செய்யலாம், என் போன் உயிர் போய் அவள் பையில் பவர் பேங்க்கில் மாட்டிக் கிடக்கிறது. சாப்பிடலாம், புளிச்சோறும் கடலையும் அவள் பையில் இருக்கிறது. என்னிடம் அடுப்பு இருக்கிறது, அதில் வைக்க அரிசி அவளிடம் இருக்கிறது. கூடாரத்துணி என்னிடம், கம்பிகள் அவளிடம். பாரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கணுங்க என்று தராசு வைக்காத குறையாகப் பிரித்தாள், இப்போது இரண்டு பேரிடமும் ஒன்றும் முழுசாக இல்லை. பக்கத்து வயலில் எரு அடித்திருக்கிறார்கள், காற்று அதை நேராக என் மூக்குக்குக் கொண்டுவருகிறது. நாலு மணி. வேண்டுமென்றே செய்கிறாளா. தெரிந்துவிட்டதா. வீட்டுக்காரர் அவளுக்குப் போன் செய்திருப்பாரோ, அவருக்கு என் போன் கிடைக்காவிட்டால் அவளைத்தானே கூப்பிடுவார். தெரிந்துதான் முன்னால் போகிறேன் என்றாளா, அவசரம் என்பதெல்லாம் சும்மாவா. தெரிந்திருந்தால் நல்லது, நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லை, தெரிந்திருந்தால் அவள் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டிருப்பாள், படகுக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கிற மாதிரி. இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் செய்கிறேன், அவள் கோபம் எனக்குத் தெரியும். வாசலில் செருப்பை அடுக்கிக்கொண்டே கேட்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்தக் கோபம்கூட இன்றைக்கு வந்தால் தேவலை. நாலரை.

எழுபது வயது இருக்கும், ஒரு ஜோடி, சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறார்கள். கொஞ்சம் உங்கள் வண்டியை நகர்த்துகிறீர்களா, பலகையைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்கிறாள். நகர்த்துகிறேன். இரண்டே கால் மணி நேரமாக நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பலகையில் முழு வட்டாரத்தின் வரைபடமும் இருக்கிறது. அதில் 45 இல்லை. 07 எங்கேயோ மூலையில் இருக்கிறது, 22க்குப் பக்கத்தில் 18 இல்லை. என் மனைவி அறுபத்தொன்றில் நிற்கச் சொன்னாள் என்கிறேன். எந்த அறுபத்தொன்று என்று அந்த ஆள் கேட்கிறார், கேலியே இல்லாமல், சாதாரணமாக. எண் தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும், அடுத்த வட்டாரத்தில் மறுபடி ஒன்றிலிருந்து வரும் என்கிறார். தன் மடிப்பு வரைபடத்தை விரித்து, 45க்கு அடுத்த 61ஐ விரலால் தேடிப் பிடித்துக் காட்டுகிறார், பதினான்கு கிலோமீட்டர், இப்போது வீசுகிற காற்றுக்கு நேர் எதிரே. அந்த அம்மாள் தன் போனை நீட்டி, மனைவியைக் கூப்பிடுங்கள் என்கிறாள். எனக்கு அவள் எண் தெரியாது. பம்பு மாடல்கள் நாற்பதின் எண்ணும் தலைகீழாகத் தெரியும். தெரிந்த ஒரே எண் என்னுடையது, அதைப் போட்டுப் பார்த்தாள், அணைந்து கிடக்கிறது என்றாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று. இந்தப் பலகையில் சைக்கிளைச் சாய்க்காமல் இருந்திருந்தால், அவள் நீட்டிய தாளை வாங்கியிருந்தால், பாலத்தடியில் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால். எல்லாம் சுண்டைக்காய் விஷயம், ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

காற்று மேட்டைவிட மோசம். மேடு ஒரு இடத்தில் முடியும். நெஞ்சில் கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளுகிறது, மிதித்தால் நகர்கிறது, மிதிக்காவிட்டால் நிற்கிறது, எங்கும் இறக்கம் கிடையாது. தொடை நடுங்குகிறது. அவள் மேல் கோபப்பட்டுக்கொண்டே மூன்று கிலோமீட்டர் வந்தேன், பிறகு கோபத்துக்கு மூச்சு பற்றவில்லை. ஐந்தரைக்கு ஒரு ஆட்டுப் பட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பயம் வந்தது. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்ற பயமில்லை அது. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாஷை தெரியும், வழி தெரியும், சோறு இருக்கிறது, நாலு மணிவரை பார்த்துவிட்டுத் தானாக, ராத்திரி தங்கவிருந்த கூடாரத் திடலுக்குப் போயிருப்பாள், அங்கே யாராவது கிழவி அவளுக்குத் தேநீர் கொடுத்திருப்பாள். நான் வராததால் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை என்று போய்ப் பார்க்கப் போகிறேன், அதுதான் பயம். சொன்னால், சரிங்க, நீங்க போங்க, நான் இருக்கேன் என்று சொல்லிவிடக்கூடியவள். சென்னி என்று கூப்பிடுகிற ஊரில் தனியாக இருக்க என்னால் முடியாது, அவளால் முடியும், அதனால்தான் கேட்காமல் போட்டேன் கையெழுத்தை. கேட்டிருந்தால் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இப்போதுதான் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவும் ஒரு ஆட்டின் முன்னால். சொல்லிவிட வேண்டும். மூட்டையைக்கூட இறக்க வேண்டாம், பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். அம்மிணி, ஒரு விஷயம். மே பத்தொன்பது. கேட்காமல் செய்துவிட்டேன். அம்மிணி, ஒரு விஷயம். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

ஆறே முக்கால், வெயில் உச்சியிலிருந்து இறங்கின மாதிரியே தெரியவில்லை. இந்த அறுபத்தொன்றிலும் பெஞ்சு இருக்கிறது. அவள் பெஞ்சில் இல்லை, அதன் காலடியில் புல்லில் உட்கார்ந்திருக்கிறாள், செருப்பு ஒன்று இங்கே ஒன்று அங்கே. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முகம் வீங்கியிருக்கிறது. "அம்மிணி," என்கிறேன், "ஒரு விஷயம்." "ஒண்ணும் சொல்லாதீங்க மாமா, செத்த சும்மா நில்லுங்க" என்கிறாள். என் கையைப் பிடித்து முழங்கைவரை தடவிப் பார்க்கிறாள், ஈரமா என்று பார்க்கிறாள். "ஒரு மணி நேரம் பாத்தனுங்க. அப்பறம் பாலத்துக்கே திரும்பிப் போனேன். வழில வாய்க்கா ஓரத்துல ஒரு சைக்கிளு சாஞ்சு கெடக்குது. உங்களுது மாதிரியே நீலம், பின்னால மூட்டை. ஆளக் காணோம். மாமாவுக்கு நீச்சல் தெரியாது, நீச்சல் தெரியாதுன்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லப் பாக்கறேன், அவங்க பாஷைல நீச்சலுக்கு என்னன்னே வர மாட்டேங்குது. அஞ்சு வருசமாப் படிச்சது ஒரு வார்த்த வரலீங்க. தமிழ்லயே கத்திட்டு நின்னேன். அப்பறம் ஒருத்தன் தண்ணிக்குள்ளிருந்து எந்திரிச்சு வந்து தலையத் தொடச்சிட்டு அந்தச் சைக்கிள எடுத்துட்டுப் போறான்." நான் நிற்கிறேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, புல்லைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "போதுங்க மாமா. நாம ஊருக்கே போயிரலாம். உங்களுக்கு ஒண்ணுன்னா இங்க யாருகிட்டப் போயி நிப்பேன். அந்த க்ளாஸ வேற யாராச்சும் பாத்துக்குவாங்க. உங்களுக்குச் சம்மதமான்னு சொல்லுங்க." பதினான்கு கிலோமீட்டர் கொண்டுவந்த வார்த்தைகள் வாய்வரை வந்துவிட்டன. வேண்டியது வேண்டாதது எல்லாம் ஒரே நொடியில் தெரிகிறது. இப்போது சொன்னால் நான் வரலீங்க என்று அவள் எழுந்து நிற்பாள், சொல்லாவிட்டால் அவளே போகலாம் என்று சொன்னதாக ஆகிவிடும். நாளைக்குத் தூங்கி எழுந்தால் அவளுடைய இந்தப் பயம் போய்விடும், அதுவும் எனக்குத் தெரியும். "உன்ற இஷ்டம் அம்மிணி" என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "எங்கப்பன்கூட என்னைய இப்படி ஒரு வார்த்த கேட்டதில்லீங்க" என்றாள். அதைக் கேட்டு எனக்கு அங்கேயே விழுந்துவிடலாம் போலிருந்தது, இப்படிக் கேவலமாக ஜெயித்ததில்லை. வீட்டுக்காரரை நாளைக்கே பிடித்துத் திங்கட்கிழமை வர வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்றும் அதே நேரத்தில் தோன்றியது. அவள் எழுந்து சோற்று டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள். "அப்ப ஆபீஸ்ல எப்பங்க சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "திங்கக்கிழமை சொல்லீர்றேன்" என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். புளிச்சோறு நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.